நாலரை விரற்கடை

38½ டிகிரி சாய்வில் ஒரு மர மேடை செய்து தர முடியுமா என்று கேட்டதும், ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி தேங்காம ஓடவா சார்? அதுக்கு எதுக்கு இவ்வளவு சரிவு? மேல வெச்ச சாமான் வழுக்கிக்கிட்டு வந்துடுமே."

"வழுக்காது. திருகாணி போட்டு முடுக்கிடலாம்."

"அப்படி என்ன வெக்கப் போறீங்க?"

"கடிகாரம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார்களிடம் ரொம்ப விசாரிக்கக் கூடாது என்று அவருக்கு ஏதோ முன் அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

கடிகாரம் என்று நான் சொன்னது ஒரு பித்தளைத் தட்டு. ஒரு சாண் அகலம், எட்டு மூலை. ஓரம் முழுக்க ரோமன் எண்களில் மணி. நடுவில் முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும் தகடு ஒன்று. அதன் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. லண்டனில் வேலை பார்க்கும் மகள், ஒரு சனிக்கிழமை போர்ட்டொபெல்லோ சாலைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிக் கொண்டுவந்தாள். செய்தவர் பெயர் இல்லை, வருஷம் இல்லை. யார் வீட்டுத் தோட்டத்திலோ கல்தூணின் மேல் பல காலம் மழையில் நனைந்திருக்கிறது என்பதற்கு, எழுத்துகளின் இடுக்கில் ஏறியிருக்கும் பச்சைக் களிம்பு மட்டும்தான் சாட்சி.

பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் சர்வே பாடம் நடத்தியவன் நான். சூரியக் கடிகாரம் சேர்க்கும் பைத்தியம் பிடித்தது காரைக்குடியில். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் சும்மா நுழைந்தேன். எனாமல் தூக்குகளுக்கும் பர்மாத் தேக்குப் பெட்டிகளுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை டப்பா. திறந்தால் உள்ளே காந்த ஊசி, அதன் மேல் மடித்து நிமிர்த்தும் நிழல்முள். மூடியில் லண்டன் என்றும், ஒரு பழைய வருஷமும் பொறித்திருந்தது. கடைக்காரர் கேட்டதில் கால்வாசியைக் குறைத்து, ஜெயித்துவிட்ட நினைப்போடு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து கோணமானியை வைத்ததும் குட்டு உடைந்தது. கிடையாக வைக்கும் சூரியக் கடிகாரத்தில் முள்ளின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். லண்டனுக்கு 51½ டிகிரி. என் டப்பாவில் 45. அதையாவது மன்னிக்கலாம், மணிக்கோடுகள் எல்லாம் 15 டிகிரி, 15 டிகிரியாகச் சம இடைவெளியில் இருந்தன. கிடைத்தட்டில் அப்படி வரவே வராது. லண்டனுக்கான தட்டில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே 12 டிகிரிகூட இருக்காது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே 19 டிகிரியை நெருங்கும். சம இடைவெளி என்றால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கோடு கிழித்த கை என்று அர்த்தம். அது பெரும்பாலும் ரூர்க்கிப் பக்கத்து வேலையாக இருக்கும். 1847இல் அங்கே பொறியியல் கல்லூரி வந்தது. அந்த ஊரில் அளவைக் கருவிகள் செய்யும் தொழிலும் வளர்ந்தது. இன்று அந்தத் தொழிலின் ஒரு கிளை 'பழைய' கப்பல் சாமான்களைப் புதிதாகச் செய்து உலகத்துக்கே அனுப்புகிறது. எங்கள் லேபில் இருந்த காம்பஸும் ரூர்க்கிச் சரக்குதான். எனக்குச் சோறு போட்ட கைவேலையிடமே ஏமாந்திருக்கிறேன். சர்வே வாத்தியார் கோணத்தில் ஏமாந்தான் என்று வெளியில் சொல்ல முடியுமா? பத்து வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனாலும் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. அதற்குத் துணையாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அந்தக் காலத்துப் பயணிகள் பயன்படுத்திய வளையக் கடிகாரம், ஜந்தர் மந்தர் அச்சிட்ட தபால்தலை, கோனார்க் சக்கரம் பதித்த பித்தளைத் தட்டு. 2018இல் வந்த பத்து ரூபாய் நோட்டில் கோனார்க் கோயில் இருக்கிறது என்று புத்தம்புதிதாக ஒன்றைக்கூட எடுத்து வைத்தேன். (அந்தச் சக்கரத்தின் அச்சு நிழலை வைத்து வழிகாட்டிகள் நிமிஷம் பிசகாமல் மணி சொல்லிக் காட்டுவார்கள். சுவரிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் அச்சின் நிழல் மாதத்துக்கு மாதம் இடம் மாறும்; ஒரே கோடு தையிலும் ஆனியிலும் ஒரே மணியைக் காட்டாது. அதைச் சொல்லப் போய் குடும்பத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) எல்லாம் ஹாலில் கண்ணாடி பீரோவுக்குள். உள்ளே ஒரு குழல்விளக்கு.

மகளைப் பார்க்க லண்டன் போனபோது, ஆக்ஸ்போர்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அடம்பிடித்தேன். அங்கே பிராட் தெருவில், 1683இல் திறந்த கட்டடத்தில், அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. லூயிஸ் எவன்ஸ் என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சூரியக் கடிகாரங்களையும் கருவிகளையும் 1924இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் பிறந்தது அது. காகித ஆலைக் குடும்பத்துக்காரர். அண்ணன் ஆர்தர் எவன்ஸ் கிரீட் தீவில் நாஸஸ் அரண்மனையைத் தோண்டி உலகப் புகழ் பெற்றார்; தம்பி நிழல்களுக்குப் பின்னால் போனார். எனக்கு இந்தத் தம்பியைத்தான் பிடிக்கும்.

நியூரம்பர்க் நகரத்தார் யானைத் தந்தத்தில் செய்த, புத்தகம்போலத் திறக்கும் கடிகாரங்களைப் பார்த்தேன். திறந்ததும் இரண்டு ஏட்டுக்கும் நடுவே ஒரு நூல் விறைத்து நிற்கும். அந்த நூலின் நிழல்தான் மணி. அந்தக் காலத்துச் சட்டைப்பைக் கடிகாரங்களிலே நான் ஆசைப்பட்டு, கடைசி வரை வாங்க முடியாத ஒன்று உண்டு. பாரிசில் கடை வைத்திருந்த பட்டர்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்குவது. அதன் முள்ளோடு ஒரு சிறு பறவை சேர்ந்திருக்கும். முள்ளைத் தூக்கவோ தாழ்த்தவோ செய்தால், பறவையின் அலகு அளவுகோலில் ஓர் எண்ணைக் காட்டும். அதுதான் அட்சரேகை. தட்டின் முதுகில் ஊர்களின் பெயரும் அவற்றின் எண்ணும். புது ஊருக்குப் போனால், முதுகைப் பார்த்து, அலகை அந்த எண்ணுக்கு நகர்த்தினால் போதும்.

நான் ஒவ்வொரு கண்ணாடிப் பேழையாகக் குனிந்து மூச்சில் பனி படர்த்திக்கொண்டிருக்க, மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே வந்தாள். பாதி சுற்றியதும் சொன்னாள்:

"ஏங்க, இத்தனை இருக்கு. ஒண்ணுகூட மணி காட்டலையே."

"உள்ள வெயில் ஏது?"

"அதைத்தான் சொல்றேன். நம்ம வீட்டு பீரோலயும் இதே கதைதான்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. கால் வலித்தது, உட்கார இடம் தேடினாள், வாயில் வந்ததைச் சொன்னாள். எனக்கு மட்டும் தைத்தது. பழைய நாணயத்தைச் சேர்ப்பவன், அது கடையில் செல்லாது என்று தெரிந்துதான் சேர்க்கிறான். தபால்தலை தன் பயணத்தை முடித்துவிட்டுத்தான் ஆல்பத்துக்கு வருகிறது. சூரியக் கடிகாரம் அப்படியல்ல. அதற்குச் சாவி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தேய்மானம் இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தையதை இன்று வெயிலில் வைத்தாலும் வேலை செய்யும். வேலை செய்யக்கூடிய ஒன்றை வேலை செய்ய விடாமல் விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஜெய்ப்பூருக்கு மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப் போனது அங்கேயே ஞாபகம் வந்தது. ஜெய்சிங் கட்டிய சாம்ராட் யந்திரம்: 27 மீட்டர் உயரம், சாய்வும் ஏறக்குறைய 27 டிகிரி, ஏனென்றால் அந்த ஊரின் அட்சரேகை அது. அதன் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். விரலை வைத்துக்கொண்டு நின்றால் நிழல் விரலில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வகுப்பில் ஒருநாளும் வாயை மூடாத பையன்கள் இரண்டு நிமிஷம் பேச்சில்லாமல் நின்றார்கள். அதை யாராலும் சேகரிக்க முடியாது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர்க் கோயில் சுவரில் அரைவட்டமாகச் செதுக்கியிருக்கும் கடிகாரத்தையும் முடியாது. பெயர்த்தெடுத்தால் கல்தான் வரும், மணி வராது.

ஊருக்குத் திரும்பியதும், மகள் கொடுத்த தட்டை பீரோவிலிருந்து எடுத்து மாடிக்குக் கொண்டுபோனேன். முள் வடக்கு நோக்க, சமதளத்தில் வைத்தேன். உச்சி வேளைக்குச் சரியாகக் காட்டியது. மற்ற நேரமெல்லாம் தப்பு. தப்பாமல் இருக்க முடியாது. சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. இங்கேயே பிறந்த தட்டு என்றால் முள் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும், நண்பகலிலிருந்து மூணு மணி வரைக்குமான கோடுகள் 13 டிகிரிக்குள் நெருக்கியடித்து நிற்கும். லண்டன் தட்டு லண்டன் மண்ணுக்கு வரைந்தது.

இரண்டு வழி. முள்ளை அறுத்து, புதுக் கோடு கிழிக்கலாம். அப்புறம் அது பழைய தட்டு இல்லை. அல்லது தட்டையே சாய்க்கலாம். 51½இலிருந்து 13ஐக் கழித்தால் 38½. வடக்குப் பக்கம் அந்த அளவு தாழ்ந்தால், தட்டு லண்டனின் அட்சரேகைக்கு உரிய சாய்வில் படுத்துவிடும். ஆசாரிக்கு வேலை வந்தது அப்படித்தான்.

மேடையில் முடுக்கிய அன்றே தட்டு ஒழுங்காக மணி சொல்லத் தொடங்கியது. ஒழுங்காக என்றால், வெயிலின் மணி. நம் கைக்கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையின் மணியைக் காட்டுகிறது. 1906இல் வந்த ஏற்பாடு அது. சென்னை அதற்கு ஒன்பது நிமிஷம் பின்னால். அது போக, சூரியனே வருஷம் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிஷம் முந்துவார், பிப்ரவரி நடுவில் 14 நிமிஷம் பிந்துவார். இரண்டும் இல்லாத நாள்கள் வருஷத்தில் நாலு. அதில் ஒன்று சித்திரை முதல் தேதியை ஒட்டியே விழுகிறது. பஞ்சாங்கம் படிக்கும் மாமாவிடம் சொன்னேன், அவர் ஆச்சரியமே படவில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. சாய்வைத் திருத்தினேன், மணியைத் திருத்தவே இல்லை. லண்டனில் விடிந்தும் விடியாத நேரத்தில், லண்டன் அட்சரேகைச் சாய்வில் படுத்திருக்கும் இந்தத் தட்டு, சென்னையின் உச்சி வேளையைத்தான் காட்டுகிறது. சாய்வு பிறந்த ஊருடையது, மணி நிற்கிற ஊருடையது. இதைப் பெரிய கண்டுபிடிப்பாக மகளிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு இங்க நாலு மணிக்கே இருட்டிடுதுப்பா. எனக்கு எந்த ஆசாரி பலகை செய்வாரு?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்த பிறகு நான் கொஞ்ச நேரம் மாடியிலேயே இருந்தேன்.

நாலு மணிக்கு இருட்டுவது என்ன என்று அந்த மார்கழியில் நானும் பார்த்தேன். நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். மாடி முழுக்க வெயில். கொடியில் புடவைகள் காய்கின்றன. தட்டில் மட்டும் நிழல் நீண்டு நீண்டு மெலிந்து, விளிம்பைத் தாண்டி, பித்தளை முழுக்க மங்கிவிட்டது. தட்டைப் பொறுத்தவரை சூரியன் அஸ்தமித்தாயிற்று. லண்டன் சாய்வில் கிடக்கும் எதற்கும் மார்கழி வெயில் அவ்வளவுதான். சரிவோடு லண்டன் குளிர்காலமும் கூடவே வரும் என்று கணக்குப் போட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை.

தாத்தா நினைவு வந்தது. ஊரில் எங்கள் கிணறு மூன்று பங்காளிக்குப் பொது. முறை வைத்து இறைப்பு. முறை முடிந்ததா என்று தகராறு வந்தால் தாத்தா குனிந்து ஒரு துரும்பை எடுப்பார். தன் விரலாலேயே பதினாறு விரற்கடை அளந்து ஒடிப்பார். ஒரு பக்கத்தை மடக்கி நிமிர்த்தி, மறுபக்கத்தைத் தரையில் படுக்க வைப்பார். நிற்கிற துண்டின் நிழல், படுத்த துண்டின் நுனியில் சரியாக முடியும் வரை மடிப்பை நகர்த்துவார். அப்போது நிற்கிற உயரம் எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. காலையென்றால் சூரியன் உதித்து ஆன நாழிகை, மாலையென்றால் அடைவதற்கு மிச்சம். தடித்த விரலோ குழந்தை விரலோ கணக்கு மாறாது. அவரவர் கைக்கு அவரவர் துரும்பு. அதனால் எதிர்ப் பங்காளியும் தன் விரலால் அளந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வார். அப்புறம் தாத்தா துரும்பை வாய்க்காலில் போட்டுவிடுவார். என் பீரோவில் அது இல்லை.

மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். பதினாறு விரற்கடை அளந்து, மடித்து, இருட்டிக் கிடந்த தட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் மேல் நிறுத்தினேன். புடவை எடுக்க வந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"இப்பதான் வாங்குன விளக்குமாறு. அதை ஏன் பிய்க்கிறீங்க?"

"இரு, ஒரு நிமிஷம்." மடிப்பை ஒரு நூல் தள்ளினேன். நிழல் நுனியைத் தொட்டது. விரலை வைத்து எண்ணினேன்.

"நாலரை."

"என்ன நாலரை? மணி இப்பதான் நாலு."

"பொழுது சாய இன்னும் நாலரை நாழிகை இருக்கு."

"அப்ப இந்த ரெண்டு புடவையும் இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்று சொல்லிவிட்டு, எடுத்ததை மறுபடி கொடியில் போட்டாள்.