தன்னை அறிதலே தலைமைக்கு அழகு

ஆன்மாக்கள் லயிக்கும் இடமே ஆலயம் என்பர் ஆன்றோர். ஆலயத்திற்குள் நுழையும் அடியவர் கொடிமரத்தின் அருகே பலிபீடத்தைக் காண்கிறார். தன்னிடமுள்ள ஆணவத்தை அவ்விடத்தில் பலியிட்டுவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்பது அதன் தத்துவம். ஆனால் பலியிட வேண்டிய பொருள் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா அதைப் பலியிட முடியும்?

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை இருளுக்கு ஒப்பிடுகின்றது. இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதை மறைப்பதில்லை. ஆணவமோ அதனிலும் கொடியது. பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். ஆகவேதான் கோபக்காரர் தம்மை நேர்மையானவர் என்று எண்ணுகிறார். புகழை விரும்புபவர் தம்மைத் தொண்டர் என்று நம்புகிறார். சாதாரண மனிதரிடம் இந்த அறியாமை இருந்தால் அவரது குடும்பம் வருந்தும். தலைமையில் இருப்பவரிடம் இருந்தால் ஊரே வருந்தும். இவ்வுண்மையை மகாபாரதத்தில் தருமபுத்திரரின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு கூத்தை விடிய விடியக் கண்டு வளர்ந்த மக்களுக்குப் பாரதக் கதை புதியதன்று. தருமர் பொய் உரையாதவர், பொறுமைக்கு இலக்கணமானவர். ஆயினும் அவரிடம் ஒரு குறை இருந்தது. அவருக்குச் சூதாட்டத்தில் விருப்பம் உண்டு. ஆடும் திறமை இல்லை. இதனைச் சகுனி நன்கு அறிந்திருந்தான். தருமரின் பலவீனம் தருமரைவிடப் பகைவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. துரியோதனனின் சூழ்ச்சி அனைத்தும் இந்த ஒரு தகவலின் மீதே எழுந்தது.

அழைப்பைக் கொண்டுவந்த விதுரரே சூது கேட்டினைத் தரும் என்று எடுத்துரைத்தார். தருமருக்கும் அது தெரியாததன்று. ஆனால் அழைத்தால் மறுப்பது மன்னர்க்கு அழகல்ல என்ற மானம் முன்னே நின்றது. செல்வம் போயிற்று, சேனை போயிற்று, நாடு போயிற்று. நகுலனை வைத்தார், சகாதேவனை வைத்தார், அருச்சுனனை வைத்தார், வீமனை வைத்தார். பின்னர் தம்மையே வைத்துத் தோற்றார். இறுதியில் திரௌபதியையும் வைத்துத் தோற்றார்.

அப்போது திரௌபதி, தன்னை அழைக்க வந்த தேர்ப்பாகனிடம் ஒரு கேள்வியைக் கேட்டு அனுப்பினாள். மன்னர் முதலில் தோற்றது தம்மையா, என்னையா என்பதே அக்கேள்வி. பீஷ்மர் முதலான பெரியோர் நிறைந்த சபையில் அதற்குத் தெளிவான விடை கூற எவராலும் இயலவில்லை. சட்டத்தைப் பற்றி அவள் கேட்டது போலத் தோன்றினாலும், தலைவர் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி அது. தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க என்ன உரிமை இருக்கிறது? உண்மையில் தருமர் தம்மை வாயால் பணயம் வைப்பதற்கு முன்னரே இழந்துவிட்டார். "இன்னும் ஓர் ஆட்டம்" என்று மனம் துடித்த அந்தக் கணத்திலேயே அவர் தம் வசத்தில் இல்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் தருமர் நம் வணக்கத்திற்கு உரியவராகியிருக்க மாட்டார். வனவாசத்தில் வீமன் கோபித்துக் கொதித்தபோது தருமர் விதியின் மேல் மட்டும் பழியைப் போடவில்லை. துரியோதனனின் நாட்டைத் தாம் வென்றெடுக்கும் ஆசையாலேயே காய்களைக் கையில் எடுத்ததாகவும், சகுனியின் வஞ்சனையைக் கண்ட பின்பும் சினத்தால் மனத்தை அடக்க இயலாது போனதாகவும் தம்பியிடமே ஒப்புக்கொண்டார். மானம் என்று அவர் எண்ணியிருந்ததற்கு உள்ளே ஆசை ஒளிந்திருந்தது! தமக்குக் கீழ் உள்ளவனிடம் தன் தவறைச் சொல்லும் துணிவு தலைமைக்கு வேண்டிய துணிவுகளில் முதலானது. அதன் பின்னர் பிருகதசுவ முனிவரிடம் சூதின் நுட்பத்தையும் கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் விழுந்தாரோ, அந்த இடத்தைக் கண் திறந்து பார்த்தார் என்பது இதன் பொருள்.

பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவுறும் வேளையில் அவருக்குச் சோதனை வந்தது. தாகத்தால் வாடிய தம்பியர் நால்வரும் ஒருவர் பின் ஒருவராகப் பொய்கைக்குச் சென்றனர். தன் கேள்விகளுக்கு விடை கூறிய பின்னரே நீர் அருந்த வேண்டும் என்று ஒரு குரல் தடுத்தது. நால்வரும் நிற்கவில்லை, நீரைப் பருகி வீழ்ந்தனர். தருமருக்கும் அதே தாகம். கண் முன்னே தம்பியரின் உடல்கள். ஆயினும் அவர் நின்றார், கேட்டார், நிதானமாக விடை கூறினார். மகிழ்ந்த யட்சன், ஒருவனை மட்டும் உயிர்ப்பிப்பதாகக் கூறினான். தருமர் நகுலனைக் கேட்டார். போரில் பெருந்துணையாகும் வீமனையும் அருச்சுனனையும் விட்டு நகுலனைக் கேட்டது ஏன் என்று யட்சன் வினவினான். தாயர் இருவர், குந்தியின் மக்களில் தாம் உயிரோடு இருக்க, மாத்திரியின் மக்களிலும் ஒருவன் இருத்தலே நீதி என்றார் தருமர். அறக்கடவுளே யட்சனாக வந்தவர் என்பதால் நால்வரும் எழுந்தனர்.

சூது மண்டபத்தில் முதலில் பணயமாக்கிய அதே நகுலனைப் பொய்கைக் கரையில் முதலில் மீட்கக் கேட்டார் என்பது சிந்திக்கத்தக்கது. மனிதர் ஒருவரே, முடிவுகள் இரண்டு. இடையில் நிகழ்ந்தது தன்னைத் தான் கண்டதேயாகும்.

இது புராண காலத்துடன் முடிந்த கதையன்று. 1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்திற்கு எதிரான சத்தியாக்கிரகத்தில் வன்முறை தலைதூக்கியபோது, மக்களைப் பக்குவப்படுத்தாமல் அழைத்தது தமது இமாலயத் தவறு என்று காந்தியடிகள் பகிரங்கமாகக் கூறினார். 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் காவலர்கள் எரித்துக் கொல்லப்பட்ட செய்தி வந்ததும், உச்சத்தில் இருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். ஐந்து நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். சிறையில் இருந்த நேரு முதலானோர் இதனால் மனம் வருந்தினர். அம்முடிவு சரியா தவறா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆனால் கூட்டத்தின் ஆரவாரம் அவருக்காக முடிவெடுக்கவில்லை. அவரே எடுத்தார், அதன் பழியையும் அவரே ஏற்றார்.

கரவனெல்ல போன்ற றப்பர் மண்ணில் வாழ்வோருக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. பால் வெட்டுபவரின் கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வராது; அளவுக்கு மிஞ்சி இறங்கினால் மரம் காயப்பட்டு, அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே வெட்டவும் இயலாது. கோபத்தோடு வெட்டினாலும் அவசரத்தோடு வெட்டினாலும் மரத்திற்கு ஒன்றுதான். தலைவரின் சொல்லும் அத்தகைய கத்தியே. கையை அறிந்தவனுக்கே கத்தி அடங்கும்.

மலைநாட்டில் தலைமையின் முடிவு சில வேளைகளில் உயிர்களின் முடிவாகவும் ஆகிவிடுகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2016 மே மாத மழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், கரவனெல்ல வீதியால் சென்றடையும் புளத்கொஹுபிட்டியப் பக்கத்திலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டுசென்றது. எச்சரிக்கை வரும் இரவில், மக்களை எழுப்பிப் பாடசாலைக்கோ ஆலயத்திற்கோ அழைத்துச் செல்லச் சொல்வதா, விடியட்டும் என்று இருப்பதா? ஒன்றும் நடக்காவிட்டால் ஊர் சிரிக்குமே என்ற எண்ணம் தலைவர் மனத்தில் எழலாம். அந்த எண்ணம்தான் அவரது சகுனி. அதனை அடையாளம் கண்டவர் மக்களை எழுப்புவார்; காணாதவர், தம் மானத்தைக் காக்க மக்களைப் பணயம் வைப்பார்.

ஆலய பரிபாலன சபையாயினும், தோட்டக் கமிட்டியாயினும், மாதர் சங்கமாயினும், குடும்பத் தலைமையாயினும் விதி ஒன்றே. திருவிழா உபயத்தைப் பற்றியோ, வரிப் பணத்தைப் பற்றியோ, பரிவட்டம் யாருக்கு என்பதைப் பற்றியோ வாக்குவாதம் எழும்போது, வாய் திறக்குமுன் மூன்று கேள்விகளை உள்ளத்தில் கேட்டல் நலம். இப்போது பேச வைப்பது நியாயமா, கோபமா? இம்முடிவின் சுமையைச் சுமக்கப்போவது யார்? தவறென்று தெரிந்தால் சபை நடுவில் ஒப்புக்கொள்ள மனம் உண்டா? விடை கிடைக்கும்வரை பொய்கைக் கரையில் தருமர் நின்றதுபோல் நிற்பதில் இழுக்கில்லை.

கர்ப்பக்கிருகத்தில் திரை விலகித் தீபம் காட்டப்படும்போது அம்பாளின் திருமுகத்தை நாம் காண்கிறோம். அதே ஒளியில் நம் அகத்தையும் ஒரு கணம் கண்டு வணங்குதல் வேண்டும். பலிபீடத்தில் இட வேண்டியது அப்போது தெரியவரும். தன்னை இழவாத தலைவர்களையும், அவர்களைக் கேள்வி கேட்க அஞ்சாத மக்களையும் நம் தோட்டங்கள் தோறும் உருவாக்க, எல்லாம் வல்ல மாரியம்மனின் திருவருள் துணை நிற்பதாக.