சில்லறை உபத்திரவங்கள்

பெருந்துன்பம் வந்துற்றால் முழுப் பலத்தையும் திரட்டிக்கொண்டு எதிர்நிற்கும் மனிதன், காதோரம் ரீங்காரமிடும் கொசு, இரவெல்லாம் சொட்டும் குழாய் முதலிய சில்லறை உபத்திரவங்களின் முன்னே கையை வீசிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறான். அந்தி வேளையில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு, ‘கொசு இல்லாத ஊர் உண்டா?’ என்று எங்கள் ஆனேக்கல் வாசிகள் சொல்லும்போது, இது பொறுமை என்னும் சற்குணந்தானா என்று பலகாலம் யோசித்திருக்கிறேன், அல்லவென்றே தோன்றுகிறது.

1883-ஆம் ஆண்டில் பெங்களூர்த் தண்டுக்கு ராணுவ வைத்தியராக வந்த ரொனால்டு ராஸ், தம் பங்களாவில் மட்டும் கொசு மிகுந்திருப்பதன் காரணத்தைத் தேடி, சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அதைக் கவிழ்த்துக் கொட்டினார். தொல்லை பெரிதும் குறைந்தது. படையினரின் போஜன விடுதியிலும் தேங்கும் நீரை அவ்வாறே அகற்றலாமே என்று அவர் சொன்னபோது, கொசுவும் ஏதோ ஒரு காரியத்திற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறது, அதைச் சகித்திருப்பதே நம் கடமை என்று அங்கிருந்த அதிகாரி மறுத்துவிட்டாராம். அற்பமென்று தள்ளாத அதே கண்தான், 1897 ஆகஸ்ட் 20 அன்று சிகந்தராபாத்தில் ஒரு கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டது. 1902-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் என் மனம் அந்தப் பரிசைவிட அந்த அதிகாரியின் மறுமொழியையே சுற்றி வருகிறது. அது நம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற குரல் அல்லவா!

எங்கள் தாலூகாவின் சந்தாபுர ஏரி முதலில் லேசான துர்நாற்றமாகத்தான் ஜனங்களை உறுத்தியிருக்கும்; மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோயிருப்பார்கள். 2022-இல் அந்த ஏரியின் சீர்கேட்டுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 500 கோடி ரூபாய் செலுத்தும்படி உத்தரவிட நேர்ந்தது.

விசித்திரம் என்னவென்றால், சாக்கடையிடம் இவ்வளவு சகிப்போடு நடந்துகொள்ளும் நாம், முதிர்ந்த தகப்பனார் சொன்ன கதையையே மறுபடி தொடங்கினாலும், குழந்தை கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்கிறோம். அவர்கள் தரும் சிறு தொல்லை அன்பின் பாற்பட்டது. அதைத் தாங்குவதில் அர்த்தமுண்டு. தேங்கிய நீரோ நம் அசிரத்தையின் பிள்ளை. முட்டையிலிருந்து கொசு சிறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகுமாதலால், ஞாயிறுதோறும் தொட்டிகளையும் பழைய டயர்களையும் கவிழ்த்துவிடும்படி தெருவாரை வீடு வீடாகக் கேட்கலாமென்றிருக்கிறேன். அந்த அதிகாரியைப் போலச் சிலர் மறுக்கவும் கூடும், அவர்களிடம் மறு வாரமும் போவேன்.