கடல் வரைக்கும் போகிற தண்ணீர்



எசேக்கியேல் 47-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் நீச்சல் ஆழம். இதை எத்தனையோ கன்வென்ஷனில் கேட்டாயிற்று. நீச்சல் ஆழத்தோடு நாம் பிரசங்கத்தை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் நிற்கவில்லையே! கிழக்கே இறங்கிச் சவக்கடலுக்குப் போகிறது. அந்தக் கடல் மற்றக் கடலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு, மீன் பிழைக்காது. அதன் கரையில், என்கேதியில், வலை காயப்போடுகிறதைத் தீர்க்கதரிசி காண்கிறார். அல்லேலூயா!

ஆறு கடலில் சேருகிறதை ஆரணிக்காரர் நாம் எங்கே பார்த்தோம்? நம் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேரும், செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றில் சேரும், பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் விழும். வழி இருக்கு, தண்ணீர்தான் இல்லை. பெரும்பாலும் மணல்.

ஆகவே கடந்த மே மாதம் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, சபையாராய் வேன் பிடித்து செஞ்சி, திண்டிவனம் வழியாய்ப் புதுச்சேரி போனோம். (புளிசோறு திண்டிவனத்திலேயே தீர்ந்துபோச்சு.) நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கிறது. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வருகிற சங்கராபரணியின் கிளைதான் சுண்ணாம்பாறு. லைஃப் ஜாக்கெட் மாட்டிப் போட்டில் ஏறினால் பாரடைஸ் பீச்சில் இறக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வங்கக்கடல், நடுவே மணல்.

அந்த மணலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை ஓயாமல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயில் தள்ளுகிறது. ஆற்றில் ஓட்டம் இருந்தால் மணலை ஒதுக்கி வாயைத் திறந்து வைக்கும். ஓட்டம் குறைந்தால் வாய் அடைபடும். அடைக்க ஆள் வரவேண்டியதில்லை. அதே அதிகாரத்தில் 11-ம் வசனம் வாசியுங்கள். நதி வந்தும் சேற்றுப் பள்ளங்கள் சுகமாகவில்லை, உப்பாகவே கிடந்தன. நதிக்குப் பக்கத்தில்தான் கிடந்தன, பிரியமானவர்களே!

எங்கள் போட்டில் ஒரு அண்ணன், தம்பி இருந்தார்கள். தகப்பனார் விட்டுப்போன இரண்டு தறியைப் பிரித்ததில் மனஸ்தாபம், பேச்சு நின்று ஏழு வருஷம். இரண்டு பேரும் ஆராதனையில் அந்நியபாஷை பேசுகிறவர்கள். ஒருத்தரோடொருத்தர் தமிழ் பேசமாட்டார்கள்! (இரண்டு பேரிடமும் தனித்தனியாய்க் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) நடுவே அவர்கள் அம்மா. போட் ஆடினதும் அந்த அம்மா பயந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார்கள். மணலில் கால் வைக்கிற வரைக்கும் விடவில்லை.

பிறகு பேசினார்களா என்று கேட்பீர்கள். பேசவில்லை. இராத்திரி வேன் ஆரணிக்கு வந்தபோது, தம்பி அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் போனார். படி ஏறவில்லை. இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதற்காக ஜெபிக்கிறோம். காலை 10 மணிக்கே வந்துவிடுங்கள்.