தன் நூலைத் தானே புகழலாமா?

நாவலை எழுதி முடித்து, பதிப்பகம் எதையும் நாடாமல் தானே இணையத்தில் வெளியிட வருகிறவரிடம் அமேசான் கிண்டிலின் வெளியீட்டுப் பக்கம் சில கேள்விகள் கேட்கிறது. நூலின் பெயர் என்ன, ஆசிரியர் யார், எந்த மொழி, எந்த வகை, தேடுவோர் தட்டக்கூடிய ஏழு குறிச்சொற்கள் எவை? பிறகு 4000 எழுத்துகளுக்குள் ஒரு நூல் அறிமுகம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது சிதறும் கொம்புகளையும் கால்களையும் சரிசெய்வது, அட்டை தயாரிப்பது, கோப்பை ஏற்றுவது எல்லாம் உழைப்புதான். பொறுமை இருந்தால் முடிந்துவிடும். கை தயங்குவது அந்த அறிமுகப் பெட்டிக்கு முன்னால். தன் எழுத்தைப் பற்றித் தானே நல்லதாக நான்கு வரி எழுத வேண்டும். அதையே முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இந்தக் கூச்சத்தை, 'விற்கத் தெரியாதவர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது அறம் பற்றிய கேள்வியாகத் தெரிகிறது. தமிழுக்கு அது புதிய கேள்வியும் அல்ல.

13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணத் துறவி. அகந்தையைக் களைவதையே தவமாகக் கொண்ட மரபிலிருந்து வந்தவர், இலக்கண நூலின் பாயிரத்திலேயே, அதாவது முன்னுரையிலேயே, இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அதுவரை எவரும் காட்டாததைக் காட்டி, பல துறைகளை முடித்துத் தந்தவனே ஆனாலும், தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். அங்கேயே நின்றிருந்தால் அது வழக்கமான அடக்க உபதேசம். அவர் நிற்கவில்லை; புலவனுக்கு நான்கு விலக்குகள் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இவற்றில் இரண்டாவதுதான் இணைய எழுத்தாளரின் நிலை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோருமே அவரை அறியாதவர்கள். அப்படியானால் விலக்கே விதியை விழுங்கிவிடாதா? விழுங்காது. ஏனென்றால் அந்த விலக்கு நிற்பது அறியாமை என்ற ஒரே காலில். கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கும்வரை அது செல்லும். 'தஞ்சை வட்டார நெசவாளர் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை' என்றால் படிப்பவருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. 'தமிழின் தலைசிறந்த நாவல்' என்றால் எழுதியவரின் ஆசையைத் தவிர எதுவும் கிடைப்பதில்லை.

நூல் ஆயிரம் கிளையாக விரிந்திருந்தாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே அல்ல என்றும் பவணந்தி சொல்கிறார். ஆக்கியோன் பெயர், வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று அதில் வரவேண்டிய எட்டையும் எண்ணித் தருகிறார். கிண்டில் படிவத்தின் பெட்டிகளோடு இவற்றை ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். கேட்போர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் இவற்றில் கூர்மையானது. யாருக்கான நூல் என்று சொல்வது, யாருக்கானது அல்ல என்றும் சொல்வதாகும். விற்பனைத் தந்திரம் அதற்கு ஒப்பாது. எல்லோரையும் உள்ளே இழுக்கப் பார்க்கும். குடும்பக் கதைக்குத் 'திகில்' என்று குறிச்சொல் இடுவது அந்த இழுப்பில்தான். அது தற்புகழ்ச்சியைவிடப் பெரிய பிழை என்பேன்.

நல்ல நூல் தன் வாசகரைத் தானே தேடிக்கொள்ளும், ஆசிரியர் ஏன் கூவ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் ஏட்டுச்சுவடிகளின் வரலாறு இதற்கு நேர் எதிரான சாட்சி. சீவக சிந்தாமணி நல்ல நூல்தான். ஆனாலும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பயின்ற உ.வே.சாமிநாதையரே, 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்கும்வரை, அதைப் படித்ததில்லை. 1887இல் அது அச்சேறியது நூலின் பெருமையால் மட்டுமா? ஐயர் ஊர் ஊராக ஏடு தேடினார். வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். அவர் பிறருடைய நூலுக்காக அலைந்தார், தனக்காக அலைவது வேறு என்று சொல்லலாம். வேறுதான். ஆனால் நூலுக்காக எவரோ அலைந்தே ஆக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. பதிப்பாளர் இல்லாத இடத்தில் அந்த எவரோ, எழுதியவரேதான்.

இதைவிட வலுவான மறுப்பு கீதையின் பக்கமிருந்து வருகிறது: பயன் கருதாமல் செய் என்கிறபோது பரப்புவது பயன் கருதுவதுதானே? எழுதுவது மட்டுமே வினை, வாசகர் அதன் பயன் என்று பிரித்தால் இந்த மறுப்பு நிற்கும். சமைத்துவிட்டுப் பரிமாறாமல் அடுக்களையைப் பூட்டுகிறவர் பற்றற்றவர் ஆகிவிடுவாரா? பரிமாறுவதும் வினையின் பகுதியே. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கைதான் பயன். ஆனால் அந்த எண்ணிக்கைப் பற்று வினையின் உருவத்தையே மாற்றிவிடும் என்ற அச்சம் நியாயமானது. 2014இல் தொடங்கிய கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா வாசிப்புத் திட்டம், கடன் வாங்கிய நூலில் பத்து விழுக்காட்டை வாசகர் தாண்டினால் எழுதியவருக்கு ஒரு தொகை தந்தது. சிறு நூல்கள் பெருகின. 2015 ஜூலையிலிருந்து படித்த பக்கத்துக்குத்தான் காசு என்று விதி மாறியது; நூல்கள் வீங்கின, பழைய கதைகளைப் பின்னால் ஒட்டிப் பக்கம் கூட்டியவர்களும் உண்டு. அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், சொந்த வலைப்பூவிலும்கூட, தரக் கூடாது. கணக்குப் பார்த்து ஒருவர் அதை ஏற்பதில் தவறில்லை. கதை எங்கே முடிய வேண்டும் என்பதை அந்தக் கணக்கு தீர்மானிக்கும்போதுதான் கீதை சொன்னது உறைக்கும்.

பிறர் புகழ்ச்சிக்கு வருவோம். ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், தகுந்த உரைகாரர் ஆகியோர் சிறப்புப்பாயிரம் சொல்லலாம் என்கிறது நன்னூல். அமேசானோ நெருங்கிய நண்பரும் உறவினரும் மதிப்புரை எழுதக் கூடாது என்கிறது. முரண்போலத் தோன்றினாலும் காரணம் ஒன்றே. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் உடன் பயின்றவர் என்பது மரபு. அது கேட்போருக்குத் தெரியும், தெரிந்தே எடைபோடுவார்கள். நட்சத்திரம் இடும் நண்பரோ யாரோ ஒரு வாசகர்போல வருகிறார். இங்கே குற்றம் புகழ்ச்சியில் இல்லை, முகமூடியில் இருக்கிறது. ஆசிரியரே வேறு பெயரில் வந்து தன் நாவலைக் கொண்டாடுவதைப் பவணந்தியின் எந்த விலக்கிலும் அடக்க முடியாது.

நான்காம் விலக்கு மட்டும் உறுத்துகிறது. பழித்தவருக்கு எதிரே தன்னைப் புகழலாம் என்ற உரிமை, அவையில் எதிரே நிற்கும் ஒருவரை முன்வைத்துத் தரப்பட்டது. காரணம் சொல்லாமல், பெயரும் இல்லாமல் இடப்பட்ட ஒற்றை நட்சத்திரத்தை எதிராளி என்று கொள்ளலாமா? முகநூலில் பத்துப் பத்தி மறுப்பு எழுதுகிறவர்கள் கொள்ளலாம் என்றே நம்புகிறார்கள். அமேசான் மதிப்புரைகளுக்குக் கீழே பதில் எழுதும் வசதியை 2020 டிசம்பரிலேயே எடுத்துவிட்டது. துறவியிடம் கேட்டிருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.