மூச்சும் கள்ளாமையும்

பிறர்க்கு வலி தராதது எதுவோ அது தீங்கற்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறாயின் ஊசி குத்தாமல், குருதி எடுக்காமல் உடல்நிலையை அறிவிக்கும் மூச்சுக் கருவிகளில் குறைகாண இடமில்லை. அவற்றை வரவேற்கவே வேண்டும். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது.

2016ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காகிதத்தைக் கொண்டே ஓர் உணரியைச் செய்தனர். காகித இழைகள் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையன. அவற்றின்மேல் கிராஃபைட் மையால் மின்முனைகளை அச்சிட்டு, முகக்கவசத்தினுள் பொருத்தினர். வெளிவிடும் மூச்சின் ஈரம் படும்போது காகிதம் மின்சாரத்தை மிகுதியாகக் கடத்துகிறது. உள்ளிழுக்கும்போது அது குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி மூச்சின் வேகத்தை அறிகிறார்கள். பயன்பட்ட காகிதம் மண்ணில் மக்கிவிடும். (உடனிணைந்த மின்சுற்றும் மின்கலமும் அவ்வாறு மக்குவதில்லை.) 2024இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார் வெளியிட்ட முகக்கவசமோ மூச்சைக் குளிர்வித்து நீராக்கி, ஆஸ்துமாவின் அழற்சியைக் காட்டும் நைட்ரைட்டையும் அளந்தது.

ஊசிக்கு நாம் கையை நீட்டுகிறோம். அந்த நீட்டலே நம் இசைவு. மூச்சோ கேளாமலே, உறக்கத்திலும் வெளிவருகிறது. ஆகவே இங்கு எழும் வினா கொல்லாமையைப் பற்றியதன்று, கள்ளாமையைப் பற்றியது என்றே நாம் கருதுகிறோம். கொடாததைக் கொள்வதே களவு என்பது அணுவிரதத்தில் நாம் கற்ற விளக்கம்.

கிணற்று நீர்போல் பொதுவாயுள்ளதை எடுப்பது இல்லறத்தார்க்குக் களவாகாதே, வெளிவிட்ட மூச்சும் அத்தகையதன்றோ எனச் சிலர் கேட்கலாம். காற்று பொதுதான், அதில் அடங்கிய செய்தி பொதுவன்று. முதிய தந்தையின் முகக்கவசத்தில் மகன் அன்பினாலேயே உணரியை வைக்கிறான் என்று கொள்வோம். தம் இளைப்பை எவரிடம், எப்போது சொல்வது என்பது அதுவரை அப்பெரியவரின் உரிமையாயிருந்தது. இப்போது அவர் வாய் திறக்குமுன்பே மகனின் கைபேசி சொல்லிவிடுகிறது. மகனுக்குப் பதில் ஆலை முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ இருந்தால் இழப்பு ஊதியத்திலும் தெரியும். காகிதம் மக்கிய பின்னும் கணக்கு அவர்களிடம் இருக்கும். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவை வலியுறுத்துகிறது. ஆனால் வீட்டுக்குள் தந்தைக்கும் மகனுக்கும் இடையே அச்சட்டம் வருவதில்லை.

ஆஸ்துமாவால் அவதியுறும் ஆறு வயதுக் குழந்தைக்காகப் பெற்றோர் இசைவது முறையே. அக்குழந்தைக்குப் பதினான்கு வயதாகும்போது, அணிவதா வேண்டாவா என்று அதனிடம் கேட்பார்களா?