கதவைச் சாத்தினவர்கள்

விலக்கி வைக்கிறவன் அடிக்க மாட்டான். 'வேலை இல்லப்பா' என்பான், அவ்வளவுதான். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டிய காலத்தில் நடந்ததும் இதுதான். டெக்சாஸ்காரர் ஜான் ஹென்றி ஃபாக், கறுப்பினப் போதகர்களின் பிரசங்கங்களை ஆய்வு செய்தவர். நியூயார்க் வானொலியில் ஊர்க்கதை சொன்னவர். கறுப்புப் பட்டியலை எதிர்த்துக் கலைஞர் சங்கத் தேர்தலில் ஜெயித்த அணியில் இருந்தார். 1956இல் 'அவேர்' அமைப்பு அவரையே குறிவைத்தது. வழக்குப் போட்டார். 1957இல் வேலை போச்சு. 1962இல் ஜூரி 35 லட்சம் டாலர் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 5.5 லட்சமானது.

பணமா நியாயம்? போன வருஷங்கள் போனதுதான். பட்டியல் போட்டவன் சாட்சிக்கூண்டில் பதில் சொல்ல வேண்டி வந்ததே, அது நியாயம். ஆனால் பட்டியலுக்குப் பயந்து கதவைச் சாத்தினவர்கள் மேல் வழக்கே இல்லை. அவர்கள் இல்லாமல் பட்டியல் வெறும் காகிதம்தானே? அவர்களை யார் கேட்பது?