உறக்கம் யாருக்காக?

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்போர் மருத்துவரிடம் வைக்கும் விண்ணப்பம் பெரும்பாலும் ஒன்றே: "அவர் கஷ்டப்படாமல் தூங்கட்டும், டாக்டர்." தொண்டையில் குழாயுடன், செயற்கைச் சுவாசக் கருவியின் தாளத்திற்கேற்ப மார்பு ஏறி இறங்கக் கிடக்கும் ஒருவரைக் கண்டவர் வேறெதைக் கேட்பார்? நாமும் அவ்வாறே கேட்டிருக்கிறோம். அவ்விண்ணப்பத்தில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு நம் கண்களுக்காக என்பதை மட்டும் நாம் ஆராய்ந்ததில்லை.

1952-இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் மூச்சுத் திணறிய 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டு, காற்றுப் பையைக் கையால் அழுத்திச் சுவாசம் ஊட்டினார். அவள் திமிறியதால் முதலில் மயக்க மருந்து கொடுக்கவே வேண்டியிருந்தது. பின்னர் நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகிலமர்ந்து அப்பையை அழுத்தினர். மருந்து, மனிதக் கரம் ஆகிய இரண்டும் அன்றே தேவைப்பட்டன.

இன்று மருந்துகள் பல. மிடாசோலம் நெடுங்காலம் பயன்பட்டு வருவது. நாள்கணக்கில் செலுத்தினால் உடலில் தேங்கி, நிறுத்திய பின்னும், அதிலும் முதியோரிடத்தில், எளிதில் தெளியாது. பால்போல் வெண்மையான புரோபோஃபால் விரைவில் தெளியும். ஆனால் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். டெக்ஸ்மெடிடோமிடின் தரும் உறக்கத்திலிருந்து, பெயர் சொல்லி அழைத்தால் நோயாளி விழிப்பார். இதயத் துடிப்பு மந்தமாகலாம். 2009-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், நம் முன்னோர் சன்னி என்ற மனக்குழப்பம், மிடாசோலம் பெற்றோருள் நூற்றுக்கு 77 பேரையும், டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றோருள் 54 பேரையும் பற்றியது. ஆனால் ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்ட 2019-ஆம் ஆண்டின் ஆய்வில், டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றோரிலும் வழக்கமான மருந்துகளைப் பெற்றோரிலும் 90 நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 29 பேரே. மருந்தையே தவிர்த்து நோயாளியை விழித்திருக்கச் செய்தால் என்ன என்று ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் 700 பேரிடம் சோதித்தனர். 2020-இல் வெளியான அதன் முடிவிலும், மெல்லிய உறக்கத்தில் வைக்கப்பட்டோரோடு ஒப்பிட, இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

உயிர்க்கணக்கு இவ்வாறு சமமாக நிற்குமிடத்தில், விழிப்புக்கென்று தனி மதிப்பு உண்டா என்ற வினா மருத்துவத்தை விட்டு நம் கைக்கு வருகிறது. உண்டு என்றே கருதுகிறோம். வலி தணித்தலும் நினைவை அகற்றலும் ஒன்றல்ல. விழித்திருந்த அந்நோயாளிகளுக்கும் வலிக்கு மார்ஃபின் தரப்பட்டது. 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களின் வினாக்களுக்கு விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், நினைவு மங்கினாலும் வலியைத் தணிப்பது தகும் என்றார். இறக்கும் ஒருவரின் நினைவைத் தக்க காரணமின்றிப் பறிக்கலாகாது என்றும் எச்சரித்தார். சொல்ல வேண்டிய சொல்லும், கேட்க வேண்டிய மன்னிப்பும் அவருக்கு இருக்கலாம் அல்லவா?

துன்பத்தை விழித்திருந்தே ஏற்பதுதான் சிலுவை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றவருக்கும், மூளையில் அழுத்தம் ஏறியவருக்கும் ஆழ்ந்த உறக்கமே சிகிச்சை. அவரை எழுப்பச் சொல்வது கொடுமை. நம்மை உறுத்துவது வேறொன்று. விழித்திருக்கும் நோயாளி குழாயைப் பிடுங்காதிருக்க அருகில் ஓர் ஆள் வேண்டும். ஒரே செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்கும் இடத்தில், இல்லாத அந்த ஆளுக்குப் பதிலாக மருந்தின் அளவு கூடிவிடுகிறது. இதற்குச் செவிலியரைக் குறைசொல்வது முறையன்று.

நாமறிந்த அம்மையார் ஒருவர், "காலையில் மருந்தைக் குறைக்கும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா, டாக்டர்?" என்று கேட்டு இசைவு பெற்றார். கணவர் கண் விழித்தார். குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால் பேச இயலாது. மனைவியின் உள்ளங்கையில் விரலால் எழுதினார். முதலில் விளங்கவில்லை, மீண்டும் எழுதினார். பசு ஈன்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறார். "கிடாரிக் கன்று" என்று அவர் காதருகே குனிந்து சொன்னாராம் அம்மையார்.